காளையும் பசுவும்: ஓர் எண் விளையாட்டின் வரலாறு

ஒருவர் மனத்தில் மறைத்து வைத்த எண்ணை மற்றவர் சில கேள்விகளால் வெளிக்கொணரும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனைக் ‘காளைகளும் பசுக்களும்’ என்று அழைத்தனர். அட்டை வேண்டா, காய் வேண்டா, பகடை வேண்டா; ஆளுக்கு ஒரு துண்டுத் தாளும் எழுதுகோலும் போதும். மழைக்காலப் பொழுதைப் போக்கப் பயன்பட்ட இந்த எளிய ஆட்டம் கணிப்பொறிக் கூடங்களுக்குள் நுழைந்ததும், கணித அறிஞரின் ஏடுகளில் இடம்பெற்றதும், இறுதியில் வங்கிகளின் பாதுகாப்பைப் பற்றியே ஐயம் எழுப்பியதும் சுவையான வரலாறாகும்.

முதலில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வோம். நான்கு இலக்க எண் ஒன்றை ஒருவர் நினைத்துக்கொள்கிறார். நான்கு இலக்கங்களும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். சுழியம் முதலில் வந்தாலும் குற்றமில்லை. மற்றவர் ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்கிறார். கேட்ட எண்ணில் உள்ள இலக்கம் நினைத்த எண்ணிலும் அதே இடத்தில் இருக்குமாயின் அது காளை. இலக்கம் இருக்கிறது, ஆனால் இடம் வேறு என்றால் அது பசு. எத்தனை காளை, எத்தனை பசு என்பதை மட்டுமே நினைத்தவர் சொல்லுவார். எது காளை, எது பசு என்று சொல்லமாட்டார். நினைத்த எண் 4271 என்றும், கேட்ட எண் 1234 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 2 தன் இடத்திலேயே நிற்கிறது, அது காளை. 1, 4 ஆகிய இரண்டும் இடம் மாறி நிற்கின்றன; அவை பசுக்கள். 3 அங்கே இல்லவே இல்லை. ஆகவே விடை, ஒரு காளை, இரண்டு பசு. நான்கு காளைகள் கிடைக்கும்வரை ஆட்டம் தொடரும்.

இப்படி நினைக்கத்தக்க எண்கள் எத்தனை? முதல் இடத்திற்குப் பத்து, அடுத்ததற்கு ஒன்பது, பின் எட்டு, பின் ஏழு, பெருக்கினால் 5040. இந்த 5040-க்குள் ஒன்றைக் குருட்டுத்தனமாகத் தேடுவோன் ஆயிரக்கணக்கில் கேட்க நேரிடலாம். அறிந்து தேடுவோனுக்கோ ஏழு கேள்விகளுக்குமேல் ஒருபோதும் தேவையில்லை. ஏழாயிரம் அன்று, எழுநூறு அன்று, வெறும் ஏழு. சராசரியாகப் பார்த்தால் ஐந்தேகாலுக்கும் சற்றுக் குறைவே.

புதிதாக ஆடுவோரிடம் ஒரு வேடிக்கையைக் காணலாம். முதற் கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற விடை வந்ததும் அவர்கள் முகம் வாடிவிடும். உண்மையில் அது வாட வேண்டிய விடையன்று. 1234 என்று கேட்டு, ஒரு காளையும் இல்லை, ஒரு பசுவும் இல்லை என்று கேள்விப்பட்டால், நான்கு இலக்கங்கள் ஒரே அடியில் நீங்கின. எஞ்சிய ஆறு இலக்கங்களால் ஆகும் எண்கள் 360 மட்டுமே. 5040-இல் பதினான்கில் பதின்மூன்று பங்கு அந்த ஒரு சொல்லால் அழிந்துபோயிற்று. ‘ஒரு பசு’ என்று விடை வந்தாலோ ஆடுவோன் மகிழ்கிறான். ஆனால் அவ்விடைக்குப் பொருந்தும் எண்கள் 1440 இன்னும் எதிரே நிற்கின்றன. ‘இரண்டு பசு’ என்றால் 1260. கிடைத்தது போலத் தோன்றும் விடை குறைவாகத் தருகிறது. கிடைக்காதது போலத் தோன்றுவது மிகுதியாகத் தருகிறது. ஒரு விடையின் மதிப்பு அது எத்தனை ஐயங்களை நீக்குகிறது என்பதில்தான் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியியல் அறிஞர் கிளாடு ஷானன் செய்தியை அளப்பதற்கு ஒரு கணிதக் கொள்கையை வெளியிட்டாரே, அதன் அடிப்படைக் கருத்தும் இதுவேயாகும்.

இப்போது ஓர் ஆட்டத்தை அடிக்கு அடி ஆடிப் பார்ப்போம். கேட்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள எளிதாக இருக்கட்டும் என்று மூன்று இலக்க எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். விதி அதுவே, மொத்த எண்கள் 720.

முதலில் 123 என்று கேட்கிறோம். விடை, ஒன்றுமில்லை. எஞ்சிய இலக்கங்கள் 4, 5, 6, 7, 8, 9, 0. எஞ்சிய எண்கள் 210. அடுத்து 456 என்று கேட்கிறோம். விடை, ஒரு காளை, ஒரு பசு. இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். 4, 5, 6 ஆகிய மூன்றில் இரண்டு மறைந்த எண்ணில் உள்ளன. அவற்றுள் ஒன்று தன் இடத்தில் நிற்கிறது. மற்றது தன் இடத்தில் இல்லை. காளையின் இடத்திலும் இருக்க முடியாது. ஆகவே அது நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. மீதமுள்ள இடத்தை 7, 8, 9, 0 ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று நிரப்ப வேண்டும். காளையையும் பசுவையும் தேர்ந்தெடுக்கும் வழிகள் ஆறு. ஒவ்வொன்றிலும் நிரப்பும் வழிகள் நான்கு. ஆக 24 எண்கள். 475, 468, 754, 650, 846, 506 என்பன போன்றவை அவை.

மூன்றாவது கேள்வி யாது? பெரும்பாலோர் இந்த 24-இல் ஒன்றையே கேட்பார்கள். 475 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓர் ஆசை இருக்கிறது. 24-இல் ஒரு முறை அதுவே விடையாகிவிடலாம். ஆனால் கூர்ந்து கணக்கிட்டால், தீயூழாக ‘ஒரு பசு’ என்ற விடை வருமானால் இன்னும் ஒன்பது எண்கள் எஞ்சிவிடுகின்றன. அதற்கு மாறாக 478 என்று கேட்டுப் பாருங்கள். 4, 5, 6 என்ற மூன்றில் இரண்டு இருந்தே தீர வேண்டும் என்று அறிந்துவிட்டோம். 478-இல் 4 ஒன்றுதான் உண்டு. எனவே 478 விடையாக இருக்கவே முடியாது. இருக்க முடியாது என்று தெரிந்தே அதைக் கேட்கிறோம்! ஏனெனில், அதற்கு எந்த விடை வந்தாலும் எஞ்சுவன ஆறு எண்களுக்கு மேற்படா. தவறு என்று அறிந்த கேள்வியும் பயனுள்ள கேள்வியாகலாம் என்னும் இந்த உண்மைதான் இவ்விளையாட்டின் உயிர்நாடி. இதனை உணராதவர் எத்தனை ஆண்டு ஆடினாலும் ஊகம் செய்பவராகவே நின்றுவிடுவர்.

478-க்கு விடை, ஒன்றுமில்லை. 4 இல்லை, 7 இல்லை, 8 இல்லை. 24-இல் எஞ்சியவை 659, 650, 596, 506 என்னும் நான்கே. இனி 659 என்று கேட்போம். அதுவே விடையாயின் ஆட்டம் முடிந்தது. 650 ஆயின் இரண்டு காளை வரும். 596 ஆயின் மூன்று பசு. 506 ஆயின் இரண்டு பசு. நான்கிற்கும் நான்கு வெவ்வேறு விடைகள். வந்த விடை இரண்டு பசு. ஆகவே மறைந்த எண் 506. 720, 210, 24, 4, 1 என்று எண்களின் கூட்டம் சுருங்கிய வேகத்தைக் கவனித்தீர்களா? கண்ணால் காணாத ஒன்றைக் கண்டவற்றிலிருந்து கருதி அறிதலை நம் முன்னோர் ஓர் அளவையாகவே கொண்டு நூல் செய்தனர். அனுமானம் என்றும் கருதல் என்றும் அதற்குப் பெயர். புகையைக் கண்டு நெருப்பை அறியும் பழைய எடுத்துக்காட்டைவிட இந்த விளையாட்டு இளைஞர்க்கு அதனை விளங்க வைக்கும் என்பது என் எண்ணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். தாளில் ஆடிய ஆட்டம் பொறியில் ஏறியது 1968-ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘டைட்டன்’ என்னும் பெருங்கணிப்பொறி இருந்தது. பலர் ஒரே காலத்தில் தனித்தனி முனைகளில் அமர்ந்து அதனைப் பயன்படுத்த முடியும். அக்காலத்தில் அது பெரும் புதுமை. அங்கே ஃபிராங்க் கிங் என்பவர் பொறியே எண்ணை நினைத்துக்கொள்ளவும் மனிதர் கேள்வி கேட்கவும் ஒரு நிரல் எழுதினார். ‘மூ’ என்பது அதன் பெயர். நம் ஊர்ப் பசு ‘அம்மா’ என்று அழைக்கிறது. ஆங்கிலேயர் செவிக்கு அதே குரல் ‘மூ’ என்று கேட்கிறது போலும்! அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ‘மல்டிக்ஸ்’ அமைப்பிலும் இவ்வாட்டம் இடம்பெற்றது. பெல் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கிய ‘யூனிக்ஸ்’ என்னும் இயக்க அமைப்பின் முதற் கையேடு 1971-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தபோது, சதுரங்கத்தோடு ‘மூ’வும் அதில் காணப்பட்டது, இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான ஊக விளையாட்டு என்ற குறிப்பும் அங்கே உண்டு. இன்று உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளையும் கைப்பேசிகளையும் இயக்கும் அமைப்புகள் பலவற்றிற்கு மூதாதை அந்த யூனிக்ஸ். அதன் பிள்ளைப் பருவத்திலேயே நம் காளையும் பசுவும் அதனுள் மேய்ந்தன.

அதே காலத்தில் இசுரேல் நாட்டில் மோர்டெகாய் மெய்ரோவிட்ஸ் என்னும் அஞ்சல் அதிகாரி ஒருவர் இருந்தார். தொலைத்தொடர்புத் துறையிலும் வல்லவர். இலக்கங்களுக்குப் பதிலாக வண்ண முளைகளை வைத்து, துளையிட்ட பலகை ஒன்றில் ஆடும்படி 1970-ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தை அமைத்தார். பெரிய விளையாட்டுப்பொருள் நிறுவனங்கள் அதனை ஏற்க மறுத்தன. 1971-இல் செருமனியின் நியூரம்பெர்க் நகரில் நடந்த விளையாட்டுப்பொருள் கண்காட்சிக்கு அதனை எடுத்துச் சென்றார். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரை அடுத்திருந்த ‘இன்விக்டா பிளாஸ்டிக்ஸ்’ என்னும் சிறிய நிறுவனம் அங்கே அதன் அருமையை உணர்ந்து உரிமையைப் பெற்றுக்கொண்டது. ‘மாஸ்டர்மைண்ட்’ என்ற பெயரில் அது கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. காளைக்குக் கறுப்பு முளை, பசுவுக்கு வெள்ளை முளை; ஆறு வண்ணங்கள், நான்கு துளைகள். ஒரே வண்ணம் மீண்டும் வரலாம் என்பதால் மறைபொருள்கள் 1296.

பழைய ஆட்டத்திற்குப் புதுச் சட்டை போட்டதற்காகவா இவ்வளவு புகழ் என்று சிலர் கேட்பதுண்டு. அக்கேள்வி நேர்மையானதென்று எனக்குத் தோன்றவில்லை. எண் என்றவுடன் அஞ்சி விலகும் குழந்தை சிவப்பு, பச்சை, நீலம் என்றால் அருகில் வந்து அமர்கிறது. கணக்கின் உடையை நீக்கி அதன் உட்பொருளான தருக்கத்தை மட்டும் வைத்தவர் மெய்ரோவிட்ஸ். அத்துடன், கேட்ட கேள்விகளும் பெற்ற விடைகளும் வரிசையாகப் பலகையில் நிற்பதால், நினைவாற்றலின் சுமை குறைந்து சிந்தனைக்கு இடம் கிடைக்கிறது. நம் நாட்டுப் பள்ளி கல்லூரி மாணவர்களிடையே இதே ஆட்டம் நான்கெழுத்து ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ஆடப்படுவதும் உண்டு. 2021-இல் இணையத்தில் வெளியாகி உலகைப் பிடித்துக்கொண்ட ‘வேர்டில்’ என்னும் சொல்லாட்டமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

கணித அறிஞர் இதனை விட்டுவைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்டு குனூத், வண்ண முளை ஆட்டத்தில் எந்த மறைபொருளையும் ஐந்து கேள்விகளுக்குள் கண்டுவிடலாம் என்று 1976-77-இல் மெய்ப்பித்தார். அவர் வகுத்த முறை மிக எளிய கருத்தில் அமைந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் வரக்கூடிய விடைகளில் மிகக் கெட்டது எதுவோ அதைப் பார். அந்தக் கெட்ட நிலையிலும் எஞ்சுவன குறைவாக இருக்கும் கேள்வியைக் கேள். வண்ணங்களை எண்களாக வைத்துக்கொண்டால் முதற் கேள்வி 1122. ஏன் 1234 அன்று? 1234 கேட்டால் கெட்ட நிலையில் 312 எஞ்சும். 1122 கேட்டால் 256. ஒரே வண்ணத்தை நான்கு முறை வைத்து 1111 என்று கேட்பவனுக்கோ 625 எஞ்சக்கூடும்.

ஆனால் கெட்ட நிலையைக் குறைப்பது ஒரு குறிக்கோள். சராசரியைக் குறைப்பது மற்றொன்று. குனூத்தின் முறையில் 1296 மறைபொருள்களையும் காண ஆகும் கேள்விகளின் கூட்டுத்தொகை 5801. கோயாமா, லாய் என்னும் இருவர் 1993-இல் கணிப்பொறியைக் கொண்டு எல்லா வழிகளையும் துருவி, அதனை 5625-க்குக் குறைத்தனர். அதற்குக் குறைவாக இயலாது என்றும் காட்டினர். அம்முறையில் ஒரே ஒரு மறைபொருளுக்கு மட்டும் ஆறு கேள்விகள் தேவைப்படும். ஆறு கூடாது, ஐந்தே எல்லை என்று வற்புறுத்தினால் கூட்டுத்தொகை 5626 ஆகும். ஒரே ஒரு கேள்வி வேறுபாடு! முன்பு நாம் கண்ட 475-க்கும் 478-க்கும் இடையே நடந்த வழக்கும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். நல்வாய்ப்பை நம்புவதா, தீவாய்ப்புக்கு அரண் செய்வதா என்பது வழக்கு.

இதுகாறும் விடை சொல்பவர் பிழையின்றிச் சொல்லுகிறார் என்றே கொண்டோம். அவர் ஒருமுறை பொய் சொன்னால்? அங்கேரி நாட்டில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளால் பொருளைக் கண்டுபிடிக்கும் ஆட்டத்திற்குப் ‘பார் கோக்பா’ என்று பெயர். கி.பி. 132 முதல் 135 வரை உரோமரை எதிர்த்து யூதேயாவில் கிளர்ந்தெழுந்த தலைவனின் பெயர் அது. நாவும் கைகளும் அறுபட்டுத் திரும்பிய ஒற்றன் ஒருவனிடம் அவன் கேள்வி கேட்க, ஒற்றன் தலையசைத்தே செய்தி முழுவதையும் தெரிவித்தான் என்பது அங்கே வழங்கும் கதை. அந்நாட்டுக் கணித அறிஞர் ஆல்ஃபிரெட் ரெனி இவ்வாட்டத்தைச் செய்திக் கொள்கையோடு இணைத்து ஆராய்ந்தார்; விடைகளில் பிழை நேரின் என்னாகும் என்றும் வினவினார். ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில் அதே வினாவைத் தெளிவாக எழுப்பினார். பத்து இலட்சத்திற்குள் ஓர் எண்ணை ஒருவர் நினைத்துக்கொண்டு ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் விடை சொல்கிறார். உண்மையே சொன்னால் இருபது கேள்விகள் போதும். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 ஆகிறதன்றோ? ஒரே ஒரு முறை பொய் சொல்ல அவருக்கு உரிமை கொடுத்தால் எத்தனை கேள்விகள் தேவை? பெல்ட்ஸ் என்னும் அறிஞர் 1987-இல் விடை கண்டார், 25. ஒரு பொய்யின் விலை ஐந்து கேள்விகள். அந்தப் பொய் எப்போது வரும் என்று தெரியாதிருப்பதே இவ்வளவு விலைக்குக் காரணம். விண்வெளிக் கலங்கள் அனுப்பும் செய்தியில் இடையே புகும் பிழைகளைத் திருத்தும் கலையும் இவ்வினாவும் உடன்பிறந்தவை.

விளையாட்டு வினையான கதையையும் சொல்ல வேண்டும். வங்கியின் ஏ.டி.எம். பொறியில் நாம் நான்கு இலக்க இரகசிய எண்ணை அழுத்துகிறோம். தவறாக அழுத்தினால் ‘தவறு’ என்று மட்டும் பொறி சொல்கிறது. எந்த இலக்கம் தவறு என்று சொல்வதில்லை. சில முறை தவறினால் அட்டை முடக்கப்படும். ‘உங்கள் எண்ணில் இரண்டு இலக்கங்கள் சரி’ என்று அது இரக்கப்பட்டுச் சொல்லுமானால், அது திருடனுக்குக் காளையும் பசுவும் எண்ணிக் கொடுத்ததாகும். வாயிலில் இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த வங்கிகள் உள்ளறையில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தன. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மைக் பாண்டு, பியோத்ர் ஜீலின்ஸ்கி ஆகிய இருவர் இதனை வெளிப்படுத்தினர். இரகசிய எண்ணைச் சரிபார்க்கும் பாதுகாப்புப் பெட்டி, எழுத்தையும் இலக்கத்தையும் மாற்றிக்கொள்ள ஓர் அட்டவணையைப் பயன்படுத்தியது. அந்த அட்டவணையை வங்கிக்குள் இருக்கும் நேர்மையற்ற ஊழியன் சிறிது மாற்றிக் கேட்டால், ‘இந்த எண்ணில் 7 உண்டா?’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பின்னர் அது நிற்கும் இடத்தையும் அதே வழியில் அறியலாம். 10,000 எண்களில் சராசரியாக 5000 முறை முயன்றால்தான் கிட்டும் என்று நம்பப்பட்ட எண் சராசரியாகப் பதினைந்தே முயற்சிகளில் கிட்டியது. அரைமணி நேர உணவு இடைவேளையில் ஏறத்தாழ 7000 பேரின் இரகசிய எண்களை ஒருவன் திரட்டிவிட முடியும் என்று அவர்கள் கணக்கிட்டனர். 2010-இல் வெனிசு நகரத்து ஆய்வாளர் இருவர் இத்தாக்குதலை மாஸ்டர்மைண்ட் ஆட்டத்தின் விரிவாகவே வைத்து ஆராய்ந்தனர். ‘மூ’ பிறந்த கேம்பிரிட்ஜிலேயே, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதன் தருக்கம் இவ்வாறு வேறு வேடத்தில் தோன்றியது.

நேரம் குறுகிவிட்டது. நீங்கள் தாளில் எழுதிப் பார்க்க ஒரு சிறு கணக்கைக் கொடுத்து விடைபெறுகிறேன். நான்கு இலக்க ஆட்டத்தில் 1234 என்று கேட்டீர்கள். காளை இல்லை, நான்கும் பசு என்று விடை வந்தது. பொருந்தும் எண்கள் ஒன்பது மட்டுமே. முதலில் அவற்றைத் தேடி எழுதுங்கள். 2143-உம் 2341-உம் அவ்வொன்பதில் அடங்கும். 2143 என்று கேட்டால் அந்த ஒன்பதும் ஒன்று, நான்கு, நான்கு என மூன்று கூட்டமாகப் பிரிகின்றன. 2341 என்று கேட்டால் எத்தனை கூட்டமாகப் பிரியும்?